கொடியடுப்பு ரிப்பேர்

வாங்க அம்மிணி, வாங்க. செருப்பை அங்கயே உட்டுட்டு நேரா சமையல்கட்டுக்கே வந்துருங்க. ரேசன் ஆபீஸ்ல இருந்து விசாரணைக்கு ஆளு வருவாங்கன்னு தம்பி சொல்லிப்போட்டுத்தான் மில்லுக்குப் போனான். ஆம்பளை ஆபீசரா இருக்கும்னு நெனச்சேன். நீங்க வந்தது நல்லதாப் போச்சு. அடுப்பு விசயம் உங்களுக்குச் சீக்கிரம் புரியும்.

அந்தப் பேனாவைச் சித்தெ மூடி வையுங்க. எழுதறதுக்கு முந்தி நான் சொல்றதைக் கேட்டுக்கங்க. என்ர தம்பி பூபதி தனிக் கார்டு கேட்டு ஆன்லைன்ல எழுதிப் போட்டிருக்கறான். அவன், அவன் பொண்டாட்டி சுகந்தி, ரெண்டு புள்ளைங்க, நாலு பேரையும் என்ர கார்டுல இருந்து எடுத்துப்போட்டு வேற கார்டு குடுக்கோணுமாம். தனிக் கார்டுன்னா தனி அடுப்பு இருக்கோணும், தனியாச் சமைக்கோணும். அதைப் பாக்கத்தானே வந்திருக்கறீங்க? பாருங்க. நல்லாப் பாருங்க. இந்த வூட்டுல ஒரே அடுப்பு. எங்கய்யன் காலத்துல இருந்து ஒரே அடுப்பு. பாத்துப்போட்டு ‘அடுப்பு ஒண்ணு’ன்னு எழுதிட்டுப் போங்க, அந்த அப்ளிகேசன் தானாத் தள்ளுபடி ஆயிரும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எங்கய்யன் சாகறப்ப எனக்கு இருவத்திரண்டு, பூபதிக்கு ஆறு. அம்மாவும் அப்பறம் நாலு வருசந்தான் இருந்தாங்க. பொண்ணுப் பாக்கப் போன எடத்துலயே சொன்னேன், கட்டிக்கிட்டா நானும் தம்பியும் சேந்துதான், ஒத்தையாக் கிடைக்க மாட்டேன்னு. பழனாத்தா சரின்னா. அந்தா நிக்கறா பாருங்க, அவதான். எங்களுக்கு ஒரு பொண்ணு, பொள்ளாச்சியில குடுத்திருக்குது. அவளைக் கட்டிக்குடுத்தன்னைக்குக்கூட நான் அழுகலை. பூபதி தனிக் கார்டுன்னு சொன்னன்னைக்குத் தோட்டத்துல போயி மோட்டார் ரூமுக்குள்ள உக்காந்து அழுதேன். உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன.

சரி, அடுப்புக்கு வர்றேன். நீங்க கேஸ்ல சமைக்கறவிய, தெரிஞ்சிருக்காது. எங்ககிட்டயும் கேஸ் இருக்குது, காப்பிக்கு மட்டும். தென்னந்தோப்பை வெச்சுக்கிட்டு மட்டையும் பாளையும் மழையில நனஞ்சு வீணாப் போறப்ப எவன் கேஸ் எரிப்பான்? விறகடுப்புல ரெண்டு பாகம் உண்டுங்க. இது பெரியடுப்பு. விறகு வெக்கற வாய் இதுக்குத்தான். பக்கத்துல சின்னதா இருக்குதே, அது கொடியடுப்பு. பெரியடுப்புல இருந்து உள்ளாற ஒரு துவாரம் போகும். இங்க எரிஞ்சு மிஞ்சுன அனல் அது வழியாப் போயி அதை எரிக்கும். கொடியடுப்புக்குன்னு தனியா விறகு வெக்கற பழக்கம் கிடையாது. மிஞ்சறதை வெச்சு அது எரிஞ்சுக்கோணும். அதுதான் அதும்பட லட்சணம்.

அப்படி அமைதியா எரிஞ்சுக்கிட்டு இருந்த அடுப்பு போன ஐப்பசியில கோளாறு பண்ண ஆரம்பிச்சுது. பெரியடுப்பு ஜம்முனு எரியுது. கொடியடுப்பு எரியறதே இல்லை. எரிஞ்சாலும் ஒரு பக்கமா எரியுது. சோத்துப் போசியை வெச்சா இந்த ஓரம் கொதிக்கும், அந்த ஓரத்துல கையை வெச்சுக்கிட்டே பேசிக்கிட்டு இருக்கலாம். புகையானாப் பொகஞ்சு தள்ளுது. என்னடா இது, நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சுன்னு எனக்கு ஒரே ரோசனை.

நேரமும் சரியில்லாத நேரம். புரட்டாசியிலதான் எனக்குச் சர்க்கரைன்னு காங்கேயத்து டாக்டர் சொன்னாரு. காலையில ஏழு மணிக்கெல்லாம் ராகிக் களி தின்னு மாத்திரை போட்டுரோணும்னாரு. அதுக்கு முந்தி நானும் புள்ளைங்களோட எட்டு மணிக்குத்தான் தின்பேன், எல்லாத்துக்கும் ஒண்ணாச் சோறு வெக்கறது, ஒண்ணா எறக்கறது. இப்ப என்ர களி முன்னாடி எறங்கீருது. அதுக்கும் அடுப்புக் கோளாறுக்கும் சம்பந்தம் இல்லை, ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.

எங்கம்மா வெச்ச பழக்கம் ஒண்ணு இருக்குது. வூட்டுல பெரியவருக்குச் சோறு எறக்குன அடுப்புல மத்தியானம் ஒல வெக்கற வரைக்கும் வேற பாத்திரம் ஏறப்படாது. எங்கய்யனுக்கு அப்படித்தான் நடந்துச்சு, எனக்கும் அப்படித்தான் நடக்குது. அதனால ஏழு மணிக்குக் களிச் சட்டி எறங்குனதும் பெரியடுப்பு சும்மாத்தான் கிடக்கும். தீ மட்டும் எரியும். மேல பாத்தீங்கன்னா ஒரு முழத்துக்கு எழும்பி நிக்கும், பாக்கறதுக்கே அழகா இருக்கும். பக்கத்துல கொடியடுப்புல சுகந்தி ஊதிக்கிட்டு உக்காந்திருப்பா. இங்க இத்தனை தீ இருக்குது, அங்க ஒரு பொட்டு இல்லை. எதனால? அதுதானே கேள்வி.

என்னங்க? பெரியடுப்பு மேல எதையாச்சும் வெச்சு மூடுனாத் தீ அந்தப் பக்கம் போயிருக்குமேங்கறீங்களா? நீங்களும் அதையே சொல்றீங்க.

சுகந்தி மொத நாளே சொன்னா. எங்கிட்ட இல்லை, எங்க பக்கம் தம்பி பொண்டாட்டி அண்ணங்கிட்ட நேருக்கு நேரா நின்னு பேசறதில்லை. பழனாத்தாகிட்டச் சொல்லி அனுப்புனா. ‘ஒரு தண்ணிப் போசியைப் பெரியடுப்பு மேல வெச்சுக்கறேன், பெரிய மாமாவைக் கேட்டுச் சொல்லுங்கக்கா’ன்னு. நான் பழனாத்தாகிட்டச் சொன்னேன், அடுப்புல கோளாறுன்னா அடுப்பைப் பாக்கோணும், பழக்கத்துல கை வெக்கப்படாதுன்னு. பெரியசாமி மேஸ்திரியைக் கூட்டிட்டு வந்து காட்டுனேன். அவனும் குனிஞ்சு பாத்துப்போட்டு, ‘மேல ஒரு போசி வெச்சுட்டாச் சரியாப் போகுதுங்க’ன்னான். அவனுக்கு முன்னாடியே காப்பி குடுத்து ஆரு சொல்லிக் குடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாதா என்ன. காப்பி குடிச்ச வரைக்கும் போதும்னு அனுப்பிச்சுட்டேன்.

அப்பறம் நானே எறங்கிட்டேன். எதையும் மொறையாப் பாக்கோணும் அம்மிணி. மொதல்ல விறகு. மட்டையில ஈரம் இருக்குதுன்னு வெயில்ல பிரிச்சு அடுக்குனேன். ஐப்பசியில வெயில் ஏது? பதனஞ்சு நாளாச்சு. காஞ்ச மட்டையா வெச்சா பெரியடுப்புல தீ கூரை வரைக்கும் போகுது, கொடியடுப்பு இருந்தபடியே இருக்குது. சரி, மட்டை வெசயா எரிஞ்சு போயிருது, நின்னு எரியற விறகு வேணும்னு வேலிகாத்தான் வெட்டியாந்து வெச்சேன். அது நின்னு எரிஞ்சுது. இந்தப் பக்கமே நின்னு எரிஞ்சுது.

அடுத்தாப்ல சாம்பல். துவாரம் அடைச்சிருக்கும்னு மோட்டார் ரூம்ல இருந்து ஒரு கம்பியைக் கொண்டாந்து வளைச்சு உள்ளாற உட்டுக் குத்துனேன். ஒரு பக்கெட்டுக் கரி வந்துச்சு. அதுல பாதி என்ர களியில உழுந்துச்சு. அன்னைக்குக் கொடியடுப்பு கொஞ்சம் எரிஞ்சாப்ல இருந்துச்சு, நான் இல்லாத நேரம் பாத்து எரிஞ்சுதுன்னு பழனாத்தா சொன்னா. நான் தோட்டத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பாத்தா அணைஞ்சு கிடக்குது. பெரியடுப்பு மேல தண்ணி சிந்துன தடம் இருந்துச்சு. ஆரு சிந்துனாங்கன்னு நான் கேக்கலை.

அப்பறம் புகைபோக்கி. ஏணி வெச்சு ஓட்டு மேல ஏறுனேன். இந்த வயசுல ஏறலாமான்னு பழனாத்தா கீழ நின்னு கத்தறா. குழாய்க்குள்ள மைனாக் கூடு ஒண்ணு இருந்துச்சு. பழைய கூடுதான், குஞ்சு இல்லை. எடுத்துப் போட்டேன். இப்பப் பெரியடுப்பு இன்னும் நல்லா எரிய ஆரம்பிச்சுது. குழாய் மேல தகரத்துல ஒரு மூடி செஞ்சு வெச்சுப் பாத்தேன், வூடு பூராவும் புகை. மூடியை எடுத்துட்டேன். அப்பறம் வாடைக்காத்து ஜன்னல் வழியா வந்து தீயைத் தள்ளுதுன்னு ஜன்னலுக்குத் தார்ப்பாய் அடிச்சேன். சமையல்கட்டு இருட்டாப் போச்சு. சுகந்தி பகல்லயே லைட்டைப் போட்டுக்கிட்டு ஊதுனா.

அப்பறம் குமிழு. போசி உக்கார அடுப்பு மேல மூணு குமிழு இருக்குதுல்ல, கொடியடுப்புல ஒண்ணு தேஞ்சு போயிருந்துச்சு. போசி சாஞ்சு உக்காருது, அதனாலதான் ஒரு பக்கம் வேகுது ஒரு பக்கம் வேகலைன்னு கண்டுபுடிச்சேன். களிமண்ணும் சாணியும் கொழச்சு நானே குமிழு வெச்சேன். மட்டப்பலகை வெச்சுப் பாத்தேன், துளி சாயலை. அன்னைக்கும் சோறு ஒரு பக்கந்தான் வெந்துச்சு. ஆனா போசி நேரா இருந்துச்சு.

இதுக்குள்ள கார்த்திகை ஆயிப்போச்சு. புள்ளைங்க தெனமும் பாதி வெந்த சோத்தை டப்பாவுல கொண்டு போகுது. பெரியவ ஒரு நாள் டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டாந்துட்டா. டீச்சரு பாத்துட்டு, இது அரிசியா சோறான்னு கேட்டாங்களாம். சின்னவனுக்கு வவுத்து வலி. ஸ்கூல் வேன் ரெண்டு நாள் நின்னு பாத்துட்டுப் போயிருச்சு. எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? என்ர களி மேல கை வெக்கறப்பெல்லாம் அதுதான் நெனப்பு. அந்த நெனப்போடதான் தின்பேன்.

அந்த வாரம் பூபதி ஒரு கரண்டு குக்கர் வாங்கியாந்து அவிய ரூம்ல வெச்சான். சமையல்கட்டுக்கு வெளிய சோறு வேகற வாசம் வருது அம்மிணி. இத்தனை வருசத்துல அப்படி ஒரு வாசம் அந்தப் பக்கம் இருந்து வந்ததில்லை. அவிய ரூம் வாசப்படியில போயி நின்னேன், அவ்வளவுதான். சுகந்தி சுவிட்சை அணைச்சுட்டா. பூபதி வந்து எம்முன்னால நின்னு, ‘அண்ணா, பின்னாடி வெறகுக் கொட்டாயில நாங்க ஒரு அடுப்புப் போட்டுக்கறமே’ன்னு கேட்டான். மெதுவாத்தான் கேட்டான். அவன் எங்கிட்டச் சத்தம் போட்டதே இல்லை. அவனுக்கு வேணும்கறதை இதுக்கு முந்தி எப்பக் கேட்டான்னும் எனக்கு ஞாபகம் இல்லை. கேக்கற மாதிரி நான் வெச்சதில்லை. எனக்குப் போக மிச்சம் இருக்கறதெல்லாம் அவனுக்குத்தானே.

நான் சொல்லிட்டேன். என்ர உசிரு இருக்கற வரைக்கும் இந்த வூட்டுல ரெண்டாவது அடுப்பு எரியாதுன்னு. தனி அடுப்புன்னா என்ன அர்த்தம்? ‘சென்னியப்பன் வூட்டுல தனி அடுப்பு வெச்சுட்டாங்களாம்’னு ஊருக்குள்ள ஒரு வாய் சொன்னாப் போதும், கத முடிஞ்சுது. அப்பறம் கல்யாணப் பத்திரிகை வந்தாக்கூட ரெண்டா வரும். அடுப்பு எரியலைன்னா எரிய வெக்கறது எம்பட பொறுப்பு, தை பொறக்கறதுக்குள்ள ரெண்டும் சமமா எரியும், பாத்துக்கன்னேன். அவன் குக்கரைத் துணியில சுத்திப் பரண் மேல வெச்சுட்டான்.

சொன்னபடி செஞ்சனா இல்லையா, இப்பப் பாருங்க. வாங்க, கிட்ட வாங்க. புகை இருக்காது, பயப்படாதீங்க.

மார்கழி கடைசியிலதான் எனக்கு மூளை வேலை செஞ்சுது. தப்பு அந்தத் துவாரத்துலதான். பெரியடுப்புல மிஞ்சுனது வரும் வரும்னு கொடியடுப்பு காத்துக்கிட்டு இருக்கறதுதான் கோளாறே. வந்தா எரியுது, வரலைன்னா பொகையுது. அப்ப அந்த வழியையே அடைச்சுப்போட்டா? முழுச் செங்கல் ஒண்ணை உள்ளாற சொருகி, மேல களிமண்ணு பூசி அடைச்சேன். அப்பறம் கொடியடுப்புக்கு அந்தப் பக்கமா, சுகந்தி உக்கார்ற பக்கமா, செவுத்தை ஒடைச்சு ஒரு வாய் எடுத்தேன். அங்கயே அவ விறகு வெச்சுக்கலாம். ரெண்டு நாள் வேலை. காயறதுக்கு ஒரு நாள். நாலாம் நாள் பத்த வெச்சா, ரெண்டும் ஒண்ணு போல எரியுது. அன்னைக்குச் சுகந்தி மூஞ்சியைப் பாத்திருக்கோணும் நீங்க. பழனாத்தாகிட்டச் சொன்னாளாம், பெரிய மாமா கையால பண்ணிக் குடுத்தாங்கக்கான்னு. எனக்கு மனசு குளுந்து போச்சு.

எனக்குப் புரியாதது ஒண்ணே ஒண்ணுதான். அடுப்பு இத்தனை நல்லா எரிய ஆரம்பிச்ச அடுத்த வாரமே பூபதி போயி அப்ளிகேசன் போட்டிருக்கறான். எரியாதப்பப் போட்டிருந்தாக்கூட அர்த்தம் இருக்குது. எல்லாம் சரியாப் போனதுக்கப்பறம் எதுக்குப் போடறது? கேட்டதுக்கு, ‘நீங்களே பண்ணிக் குடுத்துட்டீங்கல்லண்ணா’ன்னு சொல்லிப்போட்டு எங்காலைத் தொட்டுக் கும்புட்டுட்டுப் போனான். என்ன அர்த்தம்னே தெரியலை.

கேளுங்க, தாராளமாக் கேளுங்க. இந்தத் தீ அந்தப் பக்கம் போகுமான்னா? போகாதுங்க. அதுதானே ரிப்பேரே. இதைத் தண்ணி ஊத்தி அணைச்சாலும் அது பாட்டுக்கு அது எரியும். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லை. அத்தனை நறுவிசா அடைச்சிருக்கறேன். விறகா? அவிய விறகு அந்த மூலையில, எங்க விறகு இந்த மூலையில. கலந்தா வம்பு வரும்னு நாந்தான் பிரிச்சு அடுக்குனேன். சமையலா? அவியளுக்கு வேண்டியதை அவிய பண்ணிக்கறாங்க, எங்களுக்கு வேண்டியதைப் பழனாத்தா பண்ணிக்கறா. நேரம் காலம் பாக்க வேண்டியதில்லை, ஒருத்தருக்காக ஒருத்தர் காத்துக்கிட்டு நிக்க வேண்டியதில்லை. சவுகரியமா இருக்குது. மார்கழியில இருந்து இப்படித்தான். நீ சொல்லு பழனாத்தா, மார்கழியில இருந்துதானே?

ஏனுங்க எழுதறீங்க?

சித்தெ படிச்சுக் காட்டுங்க, கண்ணாடி அந்த ரூம்ல இருக்குது. ‘அடுப்பு இரண்டு. விறகு தனித்தனி. சமையல் தனித்தனி.’ அப்படியா எழுதியிருக்கறீங்க. நான் சொன்னதைத்தான் எழுதுனீங்களா. ஆமா. நாந்தான் சொன்னேன்.

சித்தெ இருங்க அம்மிணி. சித்தெ இருங்க. ஒரு செங்கல்தான். சொருகுன எனக்கு எடுக்கத் தெரியாதா? இந்தக் கம்பியை உட்டு நெம்புனா வந்துரும். அந்த வாயை நாளைக்கு அடைச்சுக்கலாம். செங்கல்லை எடுத்துட்டா ஒரே அடுப்புத்தானே, ஒண்ணுன்னு எழுதுவீங்கள்ல? அப்ளிகேசன் தள்ளுபடி ஆயிரும்ல? பெரியடுப்பு மேல போசி என்ன, அண்டாவே வெச்சுக்கட்டும். எங்கம்மா வந்து பாக்கப் போறதில்லை. பழனாத்தா, அந்தச் சோத்துப் போசியைச் சுகந்தியை எறக்கச் சொல்லு, மண்ணு உழுகும்.

சுகந்தி என்ன சொல்றா? இப்பத்தான் கொதி வந்துச்சாமா. புள்ளைங்களுக்குப் பரீட்சை அரை நாளு, ஒரு மணிக்கு வேன் வந்துரும். இப்ப எறக்குனாப் பாதி வேக்காடுதான்.

ஒண்ணும் இல்லை அம்மிணி, நீங்க உக்காருங்க. சர்க்கரை மயக்கம் இல்லை, மாத்திரை போட்டுட்டேன். இந்தா பழனாத்தா, கம்பியைப் புடி. அந்த மூலையில சாத்து. மூணு மாசம் பாதி வெந்த சோறு தின்னிருக்குது அந்தப் புள்ளைங்க. இன்னொரு நாளைக்கு எங்கையால அது ஆகாது. வேகட்டும்.

எழுதுனது எழுதுனபடியே இருக்கட்டும். எங்க கையெழுத்துப் போடோணும்? இங்கயா? ஆட்சேபணை இல்லைன்னு இருக்குதா? சரி. சென்னியப்பன். இன்சியல் வேணுமா? போட்டாச்சு. என்ர கார்டுல இருந்து அவன் பேரை எடுக்கறது எப்படிங்க, கோடு போட்டு அடிச்சா? கம்ப்யூட்டர்லயா. அப்ப அடிச்ச தடம் எதுவும் தெரியாது. இருந்ததே தெரியாது. எம்பேருக்கு அடுத்த வரியில அவன் பேரு நாப்பது வருசமா இருந்துச்சு அம்மிணி, பழனாத்தா பேருகூட அதுக்கப்பறம் வந்ததுதான்.

போறேன்னு எந்திரிக்காதீங்க. வேகாத வெயில்ல இத்தனை தூரம் வந்திருக்கறீங்க, இந்த வூட்டுக்கு வந்தவிய பசியோட போனதில்லை. பழனாத்தா, எலையை அறுத்துட்டு வா. கை கழுவிட்டு வந்து உக்காருங்க அம்மிணி. எந்த அடுப்புச் சோறு வேணும்னு மட்டும் சொல்லிப்போடுங்க.